பதினெட்டுப் பேரின் எடை

மிலிட்டரி வண்டியை ஏலத்தில் எடுக்கப் போகிறவன் எஞ்சினைப் பார்ப்பான், சேஸில் வெல்டிங் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான், டயரை எட்டி உதைப்பான், கியர் பெட்டிக்கு அடியில் மண் கறுத்திருந்தால் விரலால் தொட்டு மோந்துகூடப் பார்ப்பான்; ஆனால் பின்னால் எதிரும் புதிருமாகப் போட்டிருக்கிற இரண்டு மரபெஞ்சுகளில் இன்னும் ஆள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று எவன் பார்க்கப் போகிறான்? சீரங்கனும் பார்க்கவில்லை. வடக்கே வெகு தூரத்தில் இருந்த ஏல மைதானத்தில், நாற்பது வண்டி வரிசையில் கடைசி வண்டிக்குக் கையைத் தூக்கினான். தூக்கிய கையை இறக்குவதற்குள் வண்டி அவனுடையதாகிவிட்டது. ஆறு நாள் ஓட்டி ஊர் வந்து சேர்ந்தான். வெறும் வண்டி இப்படி அமுங்கி அமுங்கி வருகிறதே, பட்டை வில் செத்துப்போச்சோ என்று வழியெல்லாம் ஒரு சந்தேகம் இருந்தது, அவ்வளவுதான்.

கொல்லிமலையில் கீரைக்காடு என்ற ஊருக்குப் பாதை என்று சொல்லிக்கொள்ள இருந்தது பாறையும் சேறும். மற்ற லாரிக்காரர்கள் அந்த ஏற்றத்தைக் கண்டாலே பெரிய கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார்கள். பிடுங்கிய மரவள்ளிக் குச்சிக்கிழங்கு இரண்டு நாள் கிடந்தால் உள்ளே நீலம் பாய்ந்து மாட்டுக்குக்கூட ஆகாது, ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் சீரங்கன் தன் பெண்டாட்டி செம்பாயி கழுத்தில் கிடந்ததையும் கழற்றிக்கொண்டு போய் ஆறு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற இந்த வண்டியைப் பிடித்து வந்தான். டிரைவர் பக்கத்து சீட்டுக்கு மேலே கூரையில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. அந்தக் காலத்தில் துப்பாக்கிக்காரன் தலையை நீட்டி நிற்கிற இடமாம் அது. அதற்கு செம்பாயி தன் அன்னக்கூடையைக் கவிழ்த்துக் கம்பி போட்டுக் கட்டினாள். பச்சை பெயின்டோடு ஓட்டக் கூடாது என்று சொன்னார்கள், மஞ்சளும் நீலமும் அடித்தார்கள். பட்டாளத்து வண்டி பழனிக்குக் காவடி எடுத்த மாதிரி நின்றது.

பூசை போட்ட அன்றுதான் விஷயம் தெரிந்தது. ஊர்க்கவுண்டர் அறப்பளி தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, "மாப்ள, பின்கதவத் தொறந்து வை, சாமி உள்ள போகட்டும்" என்றார். சீரங்கன் கொண்டியைத் தட்டிக் கதவை இறக்கியதும் வண்டியின் முதுகு நாலு விரற்கடை மேலே எழும்பியது. மழை பெய்து நனைந்திருந்த செம்மண்ணில், தப்தப்பென்று, கனமான பூட்ஸ் தடம் ஒவ்வொன்றாக விழுந்து, இரண்டு வரிசையாகக் கோயில் பக்கம் நடந்து போயிற்று. எல்லோரும் பார்த்துக்கொண்டேதான் நின்றார்கள். பெரியண்ணசாமி கோயில் எல்லைக்கல்லுக்குள் செருப்புப் போட்டுப் போனால் ஊர்க்குற்றம், மந்திரி வந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆத்தாடி, இவர்கள் பூட்ஸோடு போகிறார்களே என்று பெண்கள் வாயில் கைவைத்தபோது, கல்லுக்கு ஒரு முழம் முன்னால் தடங்கள் நின்றன, கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு கல்லுக்கு அந்தப் பக்கம் வெறுங்கால் தடமாக, ஐந்து விரலும் பதிய, உள்ளே போயின. அறப்பளி கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மருவாதி தெரிஞ்ச பசங்க" என்றார். அதோடு அந்த விவகாரம் முடிந்தது. அவர்கள் யார், எப்போது போனவர்கள், ஏன் இன்னும் இறங்கவில்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு முதலில் டீ கொடுப்பதா, கூழ் கொடுப்பதா என்பதில்தான் சண்டை வந்தது.

செம்பாயி டீயே போட்டாள். எத்தனை பேர் என்று தெரியாததால் இருபது டம்ளரைப் பின்கதவின் மேல் வரிசையாக வைத்தாள். ஆறியபின் எடுத்துப் பார்த்தால் எதிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை. வாயில் வைத்துப் பார்த்தால் பதினெட்டு டம்ளரில் இனிப்பைக் காணோம், சப்பென்று இருந்தது. பதினெட்டுப் பேர் என்று ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசியாகப் பதினெட்டு இலை போட்டார்கள், உப்பு மட்டும் போயிருக்கும். மண்சுவர் விழுந்த வீட்டில் உத்தரம் தூக்க ஆள் பற்றாதபோது வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள், உத்தரம் பஞ்சு மாதிரி மேலே போனது. சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையோடு பின்னால் ஏறி, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க சாமிகளா" என்பார்கள், பெஞ்சில் இடம் உண்டாகும். கல்யாணமாகாத பெண்கள் முதல் வாரம் வெட்கப்பட்டு நின்றுகொண்டே போனார்கள். இரண்டாம் வாரம் உட்கார்ந்தார்கள். மூன்றாம் வாரம் பூ வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள், அவர்களுடைய அம்மாமார்கள் இடித்துக் காட்டினார்கள். பழகிவிட்டால் பேயும் பங்காளிதானே.

வண்டியை அவர்கள் வைத்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். மிலிட்டரி வண்டி வாங்கியவன் பாதி நாள் வண்டிக்குக் கீழேதான் கிடப்பான், சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது, ஒரு ஆயில் சீலுக்காக நாமக்கல்லில் பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும், லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் கொடுத்தால் அதுவே பெரிய புண்ணியம். சீரங்கனோ காலையில் எழுந்து வரும்போது வேலை முடிந்திருக்கும். சக்கர நட்டெல்லாம் முறுக்கி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, கிரீஸ் அடிக்க வேண்டிய இடத்தில் அடித்து, ஸ்பானர்களைத் தார்ப்பாயின் மேல் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒருநாள் அவன் ஏர் பில்டரைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டான், மறுநாள் அது அவன் சீட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. திட்டு வாங்கின மாதிரி அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அந்த மலையில் அவன் வண்டி மாதிரி வண்டி இல்லை. ஏற்றத்தில் சேற்றில் மாட்டினால் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை, பின்னால் தபதபவென்று குதித்து இறங்குகிற சத்தம் கேட்கும், வண்டி முன்னால் நகரும். கூலி இல்லை, சோறு இல்லை, முகம் சுளிப்பது இல்லை. இவ்வளவு நல்லவர்களிடம் ஒருவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

சீரங்கன் நடந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அடிவாரத்தில் ஜவ்வரிசி மில். பாரத்தோடு வண்டி எடைமேடையில் ஏறும், எடை எழுதுவார்கள். கிழங்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மறுபடி ஏறும், எழுதுவார்கள். கழித்தால் வருவது கிழங்கு. முதல் நடையில் மில்லில் இறக்குகிற ஆள் இரண்டு பேர்தான் இருந்தார்கள், பதினெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்களா, இறங்கிக் கைகொடுத்தார்கள், முடித்துவிட்டு வேப்பமரத்து நிழலில் ஒதுங்கினார்கள். வண்டி காலியாகப் போய் மேடையில் ஏறியது. சீட்டை வாங்கிய சீரங்கன் அதை இரண்டு தடவை படித்தான். தோட்டத்தில் நிறுத்த கிழங்கைவிட ஆயிரத்து நூற்றெழுபது கிலோ கூடுதல். போகும்போது அவர்கள் எடை கிழங்கோடு சேர்ந்திருக்கிறது, வரும்போது வண்டியில் இல்லை. புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சொல்லியிருக்கலாம். எடைமேடைக்காரனைக் கூப்பிட்டு, ஐயா, தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அவன் பீடியை அணைத்துவிட்டு சீட்டை மடித்து சட்டைப்பையில் வைத்தான்.

இரண்டாம் நடையில் இறக்குவதற்கு எட்டுப் பேர் இருந்தார்கள். பட்டாளத்தார் இறங்கவில்லை, பெஞ்சிலேயே இருந்தார்கள். அன்றுதான் அந்தப் பாவத்தைச் சீரங்கன் தன் நாக்கால் செய்தான். பின்கதவுக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "சாமிகளா, இறங்கி நெழல்ல நில்லுங்க, கூப்புடறேன்" என்றான். வண்டியின் முதுகு நாலு விரற்கடை எழும்பியது. மூன்றாம் நடையில் அவன் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பட்டாளத்துக்காரனுக்கு ஒரு தரம் சொன்னால் போதும், ஏன் எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. வெறும் வண்டி எடைமேடைக்கு நகரும்போதெல்லாம் பின்னால் பதினெட்டு முறை தப், தப் என்று கேட்கும், ஒவ்வொரு சத்தத்துக்கும் சீரங்கன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

ஊரில் அவன் சொன்னது, இந்த வருசம் கிழங்கு நல்லா வெயிட் புடிச்சிருக்கு என்பதுதான். தோட்டத்தில் தன் கையால் நிறுத்து ஏற்றியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பங்கு கூடுதலாக வந்தது, வாங்கிக்கொண்டார்கள். அறப்பளிதான் ஒருநாள் எல்லோர் முன்னாலும் உடைத்துச் சொன்னார்: "மில்லுக்காரன் கெழங்குல மாவுப் பாயிண்ட் கம்மி, பாயிண்ட் கம்மின்னு நம்ம வயித்துல அடிக்கறானில்ல? சாமி பாத்துச்சு, நமக்கு வெயிட்டுல குடுத்துருச்சு!" ஊரே சிரித்தது. சீரங்கனும் சிரித்தான், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். கோயிலுக்குத் தகரக் கொட்டகை வந்தது, மைக் செட் வந்தது. பந்தியில் பதினெட்டு இலை போடுவது எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. முன்பெல்லாம், "பட்டாளத்தாருங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டவர்கள் இப்போது, "பாரம் ஏறிருச்சா சீரங்கா?" என்று கேட்டார்கள். பெண்கள்கூட அப்படித்தான் கேட்டார்கள். செம்பாயி மட்டும் டீ வைப்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், "அவுங்களுக்கு ஒடம்புல உசுரு இல்லீன்னாலும் காது இருக்குது" என்றாள்.

இதிலெல்லாம் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது, அதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அவனுக்கு ஒரே அக்கா, பாவாயி, மூன்று குன்று தாண்டி மேக்காட்டில் இருந்தாள். புருசன் சின்ன வயதிலேயே போய்விட்டான், ஒரே மகன் தனபாலு. மடியில் உட்காரவைத்துக் காது குத்தியது தாய்மாமன் சீரங்கன், கீழ்நாட்டுக்குக் கூட்டிப்போய்ப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டதும் அவனே. ஒன்பது வருசத்துக்கு முன்னால் வடக்கே மலையில் பனி சரிந்து வண்டிகளோடு ஆட்கள் போய்விட்டார்கள் என்றும், தனபாலுவைக் காணவில்லை என்றும் கடுதாசி வந்தது. வண்டிகளை அப்புறம் தோண்டி எடுத்தார்களாம், ஆட்களை எடுக்க முடியவில்லையாம். பாவாயி ஒப்பாரியும் வைக்கவில்லை, கருமாதியும் செய்யவில்லை. காணோம்னுதானே எழுதியிருக்காங்க, என்று சொல்லிவிட்டாள். சீரங்கன் வண்டி வாங்கிய நாளிலிருந்து அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கல் சீரைக்கூட சந்தைக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினான். இந்தப் பதினெட்டுப் பேரில் அவன் இருந்துவிட்டால் என்ற நினைப்பு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் வரும். எழுபது வளைவு இருக்கிறது அந்த மலையில், எழுபது தடவை அதைத் தள்ளிவிட்டுக் கீழே போய்ச் சேர்வான், போய்ச் சேர்ந்ததும் அவர்களை இறங்கச் சொல்லாமலே இறங்க வைப்பான்.

ஊர் வாய் எத்தனை நாளைக்கு மூடிக்கிடக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ஊரே மந்தையில் மிளகு எடை போட்டுக்கொண்டிருந்தபோது பாவாயி வந்து சேர்ந்தாள். மூன்று குன்றும் நடந்தே வந்திருக்கிறாள், முழங்கால் வரை சேறு. தம்பியைப் பார்க்கவில்லை, தம்பி பெண்டாட்டி கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை, நேரே வண்டிக்குப் போய்ப் பின்கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைப்பாளே தாய், அப்படி நின்றாள். பிறகு திரும்பினாள்.

"சீரங்கா, இதுக்குள்ள எத்தன பேருடா?"

"பதினெட்டு, அக்கா."

"எத்தன வருசமா?"

"ரெண்டு."

"சந்தையில பொம்பளைங்க சொல்றாளுங்க, நீ இவுங்கள மில்லுல கெழங்கோட கெழங்கா நிறுத்து விக்கறயாம். நெசமா?"

மந்தையில் யாரோ இருமினார்கள். அறப்பளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அது வந்து பாவாயி, மில்லுக்காரன் பாயிண்ட்டுல..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு மாமா" என்றாள் அவள். "என்ற மவன் இதுல இருந்தான்னா, அவன எத்தன நடை வித்திருப்பான் இவன்? ரெண்டு வருசம். வாரத்துக்கு மூணு நடை. நீங்க எல்லாம் பங்கு போட்டுத் தின்னீங்களா இல்லியா?"

மைக் செட் வாங்கியவர்கள், தகரக் கொட்டகை போட்டவர்கள், புதுச் சேலை கட்டியிருந்தவர்கள், எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது சீரங்கனுக்கு.

பாவாயி மடியிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தாள். உள்ளே பட்டாளத்தில் சேர்ந்தபோது கொடுத்த அட்டை, தனபாலுவின் கடைசிக் கடுதாசி. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இரண்டும் மனப்பாடம். "கடைசிக் காயிதத்துல எழுதியிருக்கான், இங்க பனியில சோறே எறங்க மாட்டேங்குது, இளைச்சு இளைச்சு சேரும்போது இருந்த எடைக்கே வந்துட்டேன்னு. அட்டையில போட்டிருக்கு, ஐம்பதரைக் கிலோன்னு. இந்தா, மொளகு நிறுக்கற மேடைத்தராசு இருக்குதில்ல? ஒவ்வொருத்தனா ஏறச் சொல்லு. நீ சொன்னா செய்வானுங்களாமே! சொல்லு. ஐம்பதரைக் கிலோ வந்துதுன்னா எம்புள்ள."

மிளகு மூட்டையை இறக்கினார்கள். பெரிய வட்ட முகத்தோடு முள் சுற்றுகிற தராசு அது, அரைக்கிலோ வரைக்கும் சுத்தமாகக் காட்டும். சீரங்கன் பின்கதவைத் திறந்து, "சாமிகளா, ஒருத்தர் ஒருத்தரா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை, அவர்களுக்குக் கேட்டது.

முதல் தடம் மண்ணில் விழுந்து தராசுவரை நடந்தது. முள் எழுந்து எழுபத்தொன்றில் நின்றது. பாவாயி தலையை ஆட்டினாள். "இவன் இல்ல. நல்லா இரு சாமி." இரண்டாமவன் அறுபத்து மூன்றரை. மூன்றாமவன் எழுபத்தெட்டு, மேடை கிறீச்சிட்டது, "நல்ல வாட்டசாட்டமான புள்ள" என்று கூட்டத்தில் யாரோ ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். அடுத்தவன் அறுபது. "எந்த ஊரோ?" "பெத்தவ இருக்காளோ என்னமோ." எண் விழ விழ மந்தையில் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. இரண்டு வருசமாகப் பாரம் பாரம் என்று சொன்ன வாயெல்லாம் இப்போது ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்தது. ஏழாவது ஆள் ஏறும்போது செம்பாயி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

பதினோராவது ஆள் ஏறினான். முள் நாற்பத்தெட்டில் வந்து நின்றது.

சீரங்கன் தராசை விட்டு ஓர் அடி பின்னால் போனான்.

"ஐயோ, இத்தன ஒல்லியா ஒரு புள்ளையா!" என்றாள் பாவாயி. அதுவரைக்கும் தள்ளியே நின்றிருந்தவள் மேடையருகே வந்தாள். "பட்டாளத்துல சோறே போடலியா உனக்கு? இவனப் பெத்தவ எங்க தேடிக்கிட்டு கெடக்கறாளோ மவராசி. நல்லா இருடா கண்ணு. எங்க இருந்தாலும் நல்லா இரு." மற்றவர்கள் எல்லாம் அவள் வாழ்த்திய உடனே இறங்கிவிட்டார்கள். இவன் இறங்கவில்லை. முள் நாற்பத்தெட்டிலேயே லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"இறங்கு" என்றான் சீரங்கன். "அடுத்த ஆளு வரட்டும்."

முள் மறுபேச்சில்லாமல் பூச்சியத்துக்குப் போயிற்று.

மீதி ஏழு பேரும் ஏறி இறங்கினார்கள். ஐம்பத்தேழு, அறுபத்தாறு, அறுபத்தொன்பதரை, எழுபது. ஐம்பதரை என்று ஒருவரும் இல்லை. கடைசி ஆள் இறங்கியதும் பாவாயி முகம் மெல்ல விரிந்தது. ஒன்பது வருசமாக யாரும் பார்க்காத முகம் அது. "இல்ல" என்றாள். "எம்புள்ள இதுல இல்ல. எங்கியோ இருக்கான்." அட்டையையும் கடுதாசியையும் கவரில் போட்டு மடியில் சொருகிக்கொண்டு, "தாயி, இப்பக் குடு அந்தத் தண்ணிய" என்று செம்பாயியிடம் வாங்கிக் குடித்தாள். ஊருக்கும் மூச்சு வந்தது. அறப்பளி இன்றைக்கு இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். ஒருத்தி பாவாயி காலில் இருந்த சேற்றைக் கழுவ ஓடினாள். இனிமேல் மில்லுக்கு அந்த வேலை வேண்டாம், பதினெட்டு இலை மறுபடி போடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

சீரங்கன் சும்மா இருந்திருக்கலாம். அக்கா சந்தோசமாக இருக்கிறாள், ஊர் மன்னித்துவிட்டது, அவனுக்குத் தெரிந்தது வேறு எந்த உயிருக்கும் தெரியாது. சும்மா இருப்பதற்கு அவனிடம் காரணம் ஒன்றுக்கு நாலாக இருந்தது. அக்காவின் நம்பிக்கையைப் பிடுங்குவானேன் என்கிற காரணம் அதில் ரொம்ப நல்ல காரணம், அதையே பிடித்துக்கொண்டு அவன் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். செம்பாயி டீ போட்டுக் கொண்டுவந்து பின்கதவின் மேல் பதினெட்டு டம்ளரையும் வைத்தாள்.

பாவாயி திரும்பிச் சொன்னாள்: "தாயி, அந்த ஒல்லிப் புள்ளைக்கு மட்டும் இன்னொரு கரண்டி சக்கர போடு. பாவம், அதப் பாத்ததிலிருந்து எனக்கு மனசே ஆறல."

சீரங்கன் எழுந்தான். எழுந்ததை அவன் நினைத்துச் செய்யவில்லை.

"அக்கா. அவன் ஐம்பதரை இல்ல."

"எவன்?"

"தனபாலு. ஆளெடுக்கற அன்னிக்கு. அம்பது கிலோ இருந்தாத்தான் எடுப்பாங்க. மொத நாளு கடைத் தராசுல ஏத்திப் பாத்தேன், நாப்பத்தெட்டு. விடிகாலையில வாழப்பழம் வாங்கிக் குடுத்து, தண்ணியக் குடிக்க வெச்சு, அப்புறந்தான் கூட்டிட்டுப் போயி நிறுத்தினேன். அட்டையில இருக்கறது அதான் அக்கா. அவன் காயிதத்துல எழுதினது நெசமான எடை."

தகரக் கொட்டகையின் மேல் ஒரு காக்கை நடக்கிறது கேட்டது.

"எத்தன பழம்?" என்றாள் பாவாயி.

"பதினாலு. ரெண்டு சொம்புத் தண்ணி."

"அவனுக்கு வாழப்பழம் ஆகாதேடா. ஒண்ணு தின்னாலே வாந்தி எடுப்பானே."

"எடுக்க வந்துச்சு" என்றான் சீரங்கன். அழுகை வந்து பாதி வார்த்தையை விழுங்கியது, ஆனாலும் சொன்னான், அதையும் விட்டுவைக்கவில்லை. "நான்தான் வாயப் பொத்தினேன். மேடையில ஏர்ற வரைக்கும் பொத்திப் புடிச்சிருந்தேன். கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட ஏறினான். வேலை கெடச்சிரும், அக்கா கஷ்டம் தீந்துரும்னு..."

அவன் முடிக்கவில்லை. தராசு கிறீச்சிட்டது. யாரும் கூப்பிடாமல், யாரும் சொல்லாமல், ஒருவன் மேடையில் ஏறி நின்றிருந்தான். முள் நாற்பத்தெட்டைக் காட்டியது.

பாவாயி தம்பியை அடிக்கவில்லை, திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. அடித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் நேரே தராசுக்குப் போனாள், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினாள், இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அங்கே இருந்ததைப் பிடித்து, தன் தலையை அது எங்கே சாயுமோ அங்கே சாய்த்தாள். தலை விழவில்லை, நின்றது. முள் சரசரவென்று ஏறிப் போயிற்று.

"சீரங்கா" என்றாள், கண்ணைத் திறக்காமல். "எவ்வளவு காட்டுது?"

அவன் முள்ளைப் பார்த்தான். கண்ணீரில் எண்ணெல்லாம் கலங்கித் தெரிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"எண்பத்தொம்பது."

"சரியாப் பாத்துச் சொல்லு. ஊரு கேக்கட்டும்."

அவன் தராசின் முன்னால் மண்டியிட்டான். முள்ளுக்கு நேராக முகத்தை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். "எண்பத்தொம்பது, அக்கா" என்று உரக்கச் சொன்னான். "கூடவும் இல்ல. கொறையவும் இல்ல."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னான். வெயில் உச்சிக்கு வந்தது, ஊர் நின்றுகொண்டே இருந்தது, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு தடவையும் அவன் முள்ளைப் பார்த்துவிட்டே சொன்னான். அவள் இறங்கவில்லை.